நான்கு பக்கமும் நான்கு அளவாக இருக்கும் மனையை ‘அசமபக்கம்’ என்று சொல்லலாமா?

உங்கள் கேள்வியில் இரண்டு விஷயங்கள் சேர்ந்திருக்கின்றன. மகளின் கணக்குப் புத்தகத்தில் ‘அசமபக்க முக்கோணம்’ என்று பார்த்திருக்கிறீர்கள். அதே வாரம் நீங்கள் வாங்கப்போகும் மனையின் பத்திர நகல் கைக்கு வந்திருக்கிறது. அதில் கிழமேல் வடபுறம் 40 அடி, கிழமேல் தென்புறம் 44 அடி, தென்வடல் கீழ்புறம் 60 அடி, தென்வடல் மேல்புறம் 56 அடி, ஆக 2,436 சதுரடி என்று இருக்கிறது. நான்கு பக்கமும் வேறுவேறாக இருப்பதால் இதை ‘அசமபக்க நாற்கரம்’ என்று சொல்லலாமா என்று கேட்கிறீர்கள். போகிற போக்கில், 2,436 எப்படி வந்தது என்றும் கேட்டிருக்கிறீர்கள். நில அளவை வேலையிலேயே இருந்தவன், இன்றும் மனை அளந்து கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டாவது கேள்விதான் உங்களுக்குப் பணம் சம்பந்தப்பட்டது. ஆனாலும் சொல்லை முதலில் பார்த்துவிடுவோம். சொல் சரியாகப் பிடிபட்டால் கணக்கும் பிடிபடும்.

அசமபக்கம் என்றால் எந்த இரண்டு பக்கமும் சமமாக இல்லாதது, அவ்வளவுதான். பக்கங்களை வைத்து முக்கோணங்களை மூன்றாகப் பிரிக்கிறோம்: மூன்றும் சமமென்றால் சமபக்கம், இரண்டு சமமென்றால் இருசமபக்கம், எதுவும் சமமில்லை என்றால் அசமபக்கம். பக்கங்கள் மூன்றும் வேறென்றால் கோணங்கள் மூன்றும் வேறாகத்தான் இருக்கும். நீளமான பக்கத்துக்கு எதிரே பெரிய கோணம், குட்டையான பக்கத்துக்கு எதிரே சிறிய கோணம். இப்படிப்பட்ட முக்கோணத்தை எந்தக் கோட்டில் மடித்தாலும் ஒரு பாதி இன்னொரு பாதியின் மேல் சரியாகப் பொருந்தாது.

இந்தச் சொல்லைக் கேட்டதும் பலருக்கு மனதில் வருவது ஒரு கோணல்மாணலான உருவம். அது தப்பு. மகளின் ஜியோமெட்ரி பாக்ஸைத் திறந்து பாருங்கள். அதில் இரண்டு மூலைமட்டங்கள் இருக்கும். 45 பாகை போட்டது இருசமபக்கம். 30, 60, 90 போட்டது அசமபக்கம்; அதில் கோணல் எதுவும் இல்லை, ஒரு மூலை கச்சிதமான செங்கோணம். வீடு கட்ட வாரக்கால் பறிப்பதற்கு முன்னால் கொத்தனார் நூல் பிடித்து 3 அடி, 4 அடி, 5 அடி வைத்து மூலை மட்டம் பார்ப்பாரே, அந்த முக்கோணமும் அசமபக்கம்தான். ஆகவே இந்தச் சொல் பக்கங்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது. உருவம் நேராக இருக்கிறதா சாய்ந்திருக்கிறதா என்பது வேறு கேள்வி. உங்கள் மனை விஷயத்தில் இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம்.

மகளின் புத்தகத்தில் ஆங்கிலத்தில் ‘ஸ்கேலீன்’ என்றும் போட்டிருப்பார்கள். அது கிரேக்கத்திலிருந்து வந்தது. மேடு பள்ளமானது, ஒழுங்கில் அடங்காதது என்று பொருள். பழைய கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் தன் நூலின் முதல் பாகத்திலேயே, வரையறைகள் சொல்லும் இடத்தில், மூன்று வகை முக்கோணங்களையும் பிரித்துவிடுகிறார். பிறகு கூம்புக்கும் அதே சொல் போயிற்று: அச்சு அடிப்பகுதிக்குச் செங்குத்தாக இல்லாத கூம்புக்கு அந்தப் பெயர். கழுத்தின் பக்கவாட்டில் இருக்கும் ஒரு தசைக் கூட்டத்துக்கும் மருத்துவர்கள் இதையே வைத்திருக்கிறார்கள். கழுத்து வலிக்கு பிசியோதெரபிஸ்ட் ‘ஸ்கேலீன் மசில்’ என்று சொன்னால் அதற்கும் இந்த முக்கோணத்துக்கும் மூலச்சொல் ஒன்றே.

நம் பக்கத்துக் கணித நூல்களில் இதற்கு இருந்த பழைய சொல் ‘விஷம’. சமம் என்பதற்கு எதிர்ப்பதம். விஷத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சமமில்லாதது, ஏறுமாறானது என்ற பொருளில் வடமொழியில் புழங்கிய சொல் இது. குறும்பு செய்யும் பிள்ளையை ‘விஷமம் பண்ணுகிறான்’ என்று சொல்லும்போது நம் வாயில் வருவதும் இதுதான். வடமொழி யாப்பில் நான்கு அடிகளும் வேறுவேறு அமைப்பில் இருந்தால் விஷம விருத்தம். ஒற்றை எண்ணையும் விஷமம் என்றார்கள். உங்களுக்கு இதில் தேவையான செய்தி ஒன்று உண்டு. கி.பி. 628-ல் கணித அறிஞர் பிரம்மகுப்தர் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் இந்தச் சொல் நான்கு பக்க உருவத்துக்கும் தாராளமாக வருகிறது. நாற்கரங்களைப் பிரிக்கும் வரிசையில் சதுரம், செவ்வகம், இரண்டு பக்கம் சமமானது, மூன்று பக்கம் சமமானது என்று போய், கடைசியில் நான்கும் வேறானதற்கு ‘விஷமம்’ என்று பெயர். அதாவது உங்கள் மனைக்குப் பெயர் ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்பே தயாராக இருந்தது.

ஆக, அசமபக்க நாற்கரம் என்று சொல்லலாமா? சொல்லலாம், பொருள் தெளிவாகவே இருக்கும். ஆனால் பள்ளிப் புத்தகத்தில் அந்தச் சொல் முக்கோணத்தோடு நின்றுவிடும். நாற்கரம் என்று வந்தால் சரிவகம், இணைகரம், சாய்சதுரம் என்று பக்கங்கள் இணையாக இருக்கின்றனவா என்பதை வைத்தே பெயர் வைக்கிறார்கள். இதில் எதிலும் சேராததைப் பலர் ‘ஒழுங்கற்ற நாற்கரம்’ என்பார்கள். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கணிதத்தில் ஒழுங்கு என்றால் பக்கமும் கோணமும் எல்லாம் சமமாக இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் சாதாரண 40-க்கு 60 செவ்வக மனையும் ஒழுங்கற்றதாகிவிடும். உங்கள் மனையைப் பொறுத்தவரை ‘நான்கு பக்கமும் சமமில்லாத’ என்று எழுதுவதே எல்லாருக்கும் புரியும். பெயரை விட அந்தப் பெயரால் எவ்வளவு தெரியவருகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

முக்கோணத்துக்கு மூன்று பக்க அளவும் கொடுத்துவிட்டால் எல்லாம் கொடுத்தாயிற்று. 40, 60, 66 என்று சொன்னால் அந்த அளவில் ஒரே ஒரு முக்கோணம்தான் வரையமுடியும். கோணம், உயரம், பரப்பு எல்லாம் அதிலேயே அடங்கிவிடும். மூன்று பக்க அளவை வைத்தே பரப்பைச் சொல்லும், ஒன்பதாம் வகுப்பில் வரும் ஹெரான் சூத்திரம் வேலை செய்வது இதனால்தான். நாற்கரம் அப்படி இல்லை. நான்கு மூங்கில் கழிகளை மூலைக்கு ஒரு ஆணி வீதம் அடித்துத் தரையில் வைத்து ஒரு மூலையைத் தள்ளிப் பாருங்கள். கழிகளின் நீளம் ஒரு நூல்கூட மாறாது; உருவம் சாய்ந்துகொண்டே போகும், உள்ளே இருக்கும் இடம் குறைந்துகொண்டே போகும். நான்கும் ஒரே நீளக் கழிகள் என்றால், முழுக்கச் சாய்க்கும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உள்ளே இடமே இருக்காது. நான்கு பக்க அளவு மட்டும் எழுதிய பத்திரத்தில் உள்ள குறை இதுதான். அளவு நான்கும் உண்மையாக இருக்கலாம். பரப்பு எவ்வளவு என்பது அதிலிருந்து தெரியவே தெரியாது.

சரி, 2,436 எங்கிருந்து வந்தது? 40-ம் 44-ம் கூட்டிப் பாதியாக்கினால் 42. 60-ம் 56-ம் கூட்டிப் பாதியாக்கினால் 58. 42-ஐ 58-ஆல் பெருக்கினால் 2,436. பத்திரம் எழுதுபவர்கள் காலம்காலமாகச் செய்வது இது. அவர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது, ஏனென்றால் இந்த முறை மிகப் பழையது. எகிப்தில் எட்ஃபு என்ற ஊரில் ஹோரஸ் கோயில் சுவரில், டாலமி மன்னர்கள் காலத்தில் வெட்டிய நிலதானக் கல்வெட்டில், கோயில் நிலங்களின் பரப்பை இதே மாதிரிதான் போட்டிருக்கிறார்கள். பிரம்மகுப்தரும் இதைத் தருகிறார். ஆனால் தரும்போதே இது ‘ஸ்தூலம்’, அதாவது குத்துமதிப்பு என்று சொல்லிவிடுகிறார். நம் ஊரில் அந்த எச்சரிக்கை மட்டும் எங்கேயோ விட்டுப்போயிற்று.

இந்தக் குத்துமதிப்பு எப்போதும் ஒரே பக்கம்தான் தப்பும்: இருப்பதை விடக் கூடுதலாகக் காட்டும். காரணம் எளிது. முக்கோணத்தின் இரண்டு பக்கங்களைப் பெருக்கிப் பாதியாக்கினால் வருவதே அதன் பரப்பின் உச்சம். அந்த இரண்டும் செங்கோணத்தில் நின்றால்தான் அந்த உச்சம் கிடைக்கும். மனையை ஒரு மூலைவிட்டத்தால் இரண்டு முக்கோணமாக வெட்டி இந்த உச்சத்தை எழுதுங்கள். இன்னொரு மூலைவிட்டத்தால் வெட்டி இன்னொரு தடவை எழுதுங்கள். இரண்டுக்கும் சராசரி எடுத்தால் வருவது வேறொன்றும் இல்லை, எதிர்ப்பக்கங்களின் சராசரிகளைப் பெருக்கிய அதே தொகை. ஆகவே உண்மைப் பரப்பு அதற்குச் சமமாக வேண்டுமானால் நான்கு மூலையும் செங்கோணமாக, மனை செவ்வகமாக இருக்க வேண்டும். மற்ற எல்லா மனையிலும் சராசரி முறை வாங்குபவருக்கு நஷ்டம், விற்பவருக்கு லாபம். நானாக இருந்தால் சராசரி போட்ட சதுரடிக்கு விலை பேசவே மாட்டேன்.

உங்கள் அளவுக்கே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். வாயு மூலையிலிருந்து அக்னி மூலைக்கு, அதாவது வடமேற்கிலிருந்து தென்கிழக்குக்கு, ஒரு மூலைவிட்டம் போடுங்கள். வடபுறமும் கீழ்புறமும் சேர்ந்து ஒரு முக்கோணம், தென்புறமும் மேல்புறமும் சேர்ந்து இன்னொரு முக்கோணம். ஈசானி மூலை, அதாவது வடகிழக்கு மூலை, சரியான செங்கோணமாக இருந்தால் அந்த மூலைவிட்டம் 72.1 அடி வரும். மொத்தப் பரப்பு சுமார் 2,431.6 சதுரடி. சராசரிக் கணக்கோடு நாலரை சதுரடிதான் வித்தியாசம், விட்டுவிடலாம். மூலைவிட்டம் 66 அடி என்று வந்தால், ஒரு முக்கோணம் 1,181 சதுரடி, இன்னொன்று 1,219, மொத்தம் 2,400. சரியாக ஒரு கிரவுண்ட், 36 சதுரடி போயிற்று. சதுரடி 3,000 ரூபாய் என்று வைத்தால் 1,08,000 ரூபாய். மூலைவிட்டம் 60 அடிதான் என்றால் 2,307 சதுரடி. பத்திரத்தை விட 129 குறைவு, கிட்டத்தட்ட 0.3 சென்ட். மூன்று கணக்கிலும் பக்க அளவு நான்கும் பத்திரத்தில் உள்ளபடியே இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள்.

இந்த நான்கு பக்கங்களை வைத்து அதிகபட்சம் எவ்வளவு இடம் அடைக்க முடியும் என்பதற்கும் விடை உண்டு. பிரம்மகுப்தர் குத்துமதிப்பைச் சொன்ன அதே சுலோகத்தில் ‘சூக்ஷ்மம்’ என்று இன்னொரு வழியும் தருகிறார். நான்கு பக்கத்தையும் கூட்டிப் பாதியாக்குங்கள். உங்களுக்கு 100 வரும். அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழியுங்கள்: 60, 56, 40, 44. நான்கையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 2,431.8. நான்கு மூலையும் ஒரே வட்டத்தில் அமையும்போதுதான் இது பொருந்தும். அந்த நிபந்தனையை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. நான்கு பக்கம் மட்டும் தெரிந்த நாற்கரத்துக்கு இதைத் தாண்டிப் பரப்பு கிடையாது என்பது இன்று நிரூபணமான விஷயம். ஆக, பத்திரத்தில் உள்ள 2,436 சதுரடி அந்த நான்கு பக்கத்துக்குள் அடங்கவே அடங்காத தொகை. மனையைப் போய்ப் பார்க்காமலே இதை மட்டும் அடித்துச் சொல்லலாம்.

இந்த நிபந்தனை இல்லாமல் விட்டதால் பின்னால் வந்தவர்களுக்குள் வாதம் நடந்தது. 12-ஆம் நூற்றாண்டில் லீலாவதியை எழுதிய பாஸ்கரர் இதில் கோபமாகவே பேசுகிறார். மூலைவிட்டமோ செங்குத்தோ எதையும் சொல்லாமல் நாற்கரத்துக்கு ஒரே பரப்பு கேட்பவன் பிசாசு, அதற்கு விடை சொல்பவன் அவனை விட மோசம் என்கிற மாதிரி எழுதிவைத்திருக்கிறார். எனக்கு அந்தக் கோபம் நன்றாகப் புரிகிறது. போனில் நான்கு அளவைச் சொல்லி ‘எத்தனை சதுரடி சார்?’ என்று கேட்பவர்களுக்கு நானும் விடை சொல்வதில்லை.

ஒரு விதிவிலக்கையும் சொல்லிவிட வேண்டும். ஒரு சோடி எதிர்ப்பக்கங்கள் நிச்சயமாக இணையாக இருந்து, அவற்றின் நீளம் வேறாகவும் இருந்தால், அது சரிவகம். அங்கே நான்கு அளவே போதும், மூலைவிட்டம் தேவையில்லை. ஆனால் உங்கள் மனையில் அது நடக்காது. 40-க்கும் 44-க்கும் வித்தியாசம் 4. 56-க்கும் 60-க்கும் அதே 4. இந்த அளவுகளில் எந்தச் சோடியை இணையாக வைக்கப் பார்த்தாலும் உருவம் ஒட்டிப்போய் ஒரே கோடாகிவிடும். அதனால் ‘எல்லாம் நேர் மனைதான் சார்’ என்று புரோக்கர் சொன்னால், ஒன்று அவர் சொல்வது தப்பு, அல்லது பத்திர அளவில் ஒன்று தப்பு.

இனி செய்ய வேண்டியது. நான்கு மூலைக் கல்லும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கல் இல்லாத மூலையில் யார் கை காட்டினாலும் அதை அளவாக எடுக்காதீர்கள். கல்லுக்குக் கல் இரண்டு மூலைவிட்டத்தையும் அளக்க வேண்டும். களத்தில் நாங்கள் டயகனல் என்றே சொல்வோம். பரப்புக்கு ஒன்று போதும், இரண்டாவது சரிபார்ப்பதற்கு. உதாரணமாக வாயு-அக்னி டயகனல் 66 அடி என்றால், ஈசானி-கன்னி (வடகிழக்கு-தென்மேற்கு) டயகனல் 76 அடி 8 அங்குலம் வந்தாக வேண்டும். 78 என்று வந்தால் ஆறு அளவில் ஏதோ ஒன்று பிசகியிருக்கிறது, திரும்ப அளக்க வேண்டும். டேப்பை இழுத்துப் பிடிக்க வேண்டும். நடுவில் தொய்ந்தாலும் புதரில் மாட்டி வளைந்தாலும் நீளம் கூடிவிடும். உங்கள் மனையில் 66 என்பது 67 ஆனாலே பரப்பு 10 சதுரடி ஏறிவிடுகிறது. சரிவான நிலமென்றால் தரையோடு டேப்பைப் படுக்கப்போடக் கூடாது, மட்டமாகப் பிடித்து அளக்க வேண்டும். டோட்டல் ஸ்டேஷன் என்ற மின்னணு அளவைக் கருவி வைத்து அளந்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஓடை ஓரமோ வளைந்த ரோடு ஓரமோ எல்லையாக இருந்தால் அந்தப் பக்கம் நேர்கோடே அல்ல. இந்தக் கணக்கு அங்கே பொருந்தாது, தனியாக ஆஃப்செட், அதாவது ஒரு நேர்கோட்டிலிருந்து எல்லை வரை இடையிடையே செங்குத்தளவு, எடுக்க வேண்டும்.

அளப்பதற்கு முன்னால் அந்தச் சர்வே எண்ணின் புலப்படத்தை, எஃப்.எம்.பி. என்று சொல்வார்களே அதை, எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எல்லைக்கோடுகளோடு உள்ளே மூலைக்கு மூலை போகும் கோடுகளும் இருக்கும். அவை அலங்காரம் இல்லை. பக்கங்களை மட்டும் எழுதினால் புலம் பிடிபடாது என்பதால்தான் அளவைத் துறை ஒவ்வொரு புலத்தையும் முக்கோணமாகப் பிரித்து அந்தக் கோடுகளின் நீளத்தையும் எழுதிவைத்தது. அளவு மீட்டரில் இருக்கும், அடியாக்க 3.28-ஆல் பெருக்குங்கள். உங்கள் மனை ஒரு பெரிய புலத்தைப் பிரித்து விற்ற துண்டு என்றால், உட்பிரிவு செய்திருந்தால்தான் அதன் அளவு படத்தில் தனியாகத் தெரியும்.

நிச்சயமானதையும் சந்தேகமானதையும் பிரித்துவிடுகிறேன். 2,436 சராசரி போட்டு வந்த தொகை, அந்தப் பக்கங்களுக்குள் அது அடங்காது என்பது நிச்சயம். உண்மைப் பரப்பு 2,431-க்குப் பக்கமா, 2,300-க்குப் பக்கமா என்பது டயகனல் அளக்கும்வரை யாருக்கும் தெரியாது. ரோட்டுக்குச் செங்குத்தாகப் பிரித்த லேஅவுட் மனை என்றால் வித்தியாசம் சொற்பமாகத்தான் இருக்கும், சாய்வான ரோட்டையோ பழைய வரப்பையோ ஒட்டிய மனை என்றால் பெரிதாக இருக்கலாம். பத்திரத்துக்கும் பட்டாவுக்கும் தரையில் இருப்பதற்கும் அளவு ஒத்துப்போகாவிட்டால் எது செல்லும் என்பது என் வேலை அல்ல. சொத்து வழக்குப் பார்க்கும் வக்கீலிடம் மூன்று காகிதத்தையும் அளவைப் படத்தையும் காட்டிக் கேளுங்கள். வாங்குவதாக முடிவானால், புதுப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் நான்கு பக்கங்களுக்குக் கீழே ‘வாயு மூலைக் கல் முதல் அக்னி மூலைக் கல் வரை குறுக்களவு இத்தனை அடி’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். எழுதுபவர் வழக்கமில்லை என்பார், பரவாயில்லை, எழுதவையுங்கள். கூடவே அளவுகள் போட்ட படத்தை இணைத்து இரண்டு தரப்பும் அதில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.